தனி விமானியாகச் சிறு விமானம் ஓட்டுவதில் உள்ள ஆபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றுச் சிறு விமானம் ஓட்டுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய பெற்றோர், வாழ்க்கைத் துணைவர், “வாருங்கள், ஒரு சுற்று போய்வரலாம்” என்று அழைக்கப்பட்ட நண்பர்கள், பயிற்சியைப் பாதி வரை முடித்தவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். செஸ்னா 172, பைப்பர், சிர்ரஸ் போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களையும் அமெரிக்க விதிகளையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பெரிய விமானத்தில் போவதைப் போலத்தானே இதுவும்? எதற்கு இவ்வளவு பயம்?

இல்லை, இது வேறு. “காரில் போவதைவிட விமானத்தில் போவது பாதுகாப்பு” என்று சொல்லப்படுவது விமான நிறுவனங்களின் சேவைக்கு மட்டுமே பொருந்தும். அங்கே இரண்டு விமானிகள், குறைந்தது இரண்டு எஞ்சின்கள், பயணத்தைத் திட்டமிட்டுத் தரையிலிருந்து கண்காணிக்கும் அலுவலர், தனிப் பராமரிப்புப் பிரிவு, வானிலை மோசமானால் பயணத்தை ரத்துசெய்யும் நிர்வாகம் ஆகிய எல்லாம் உண்டு. தனி விமானிக்கு இவ்வளவு வேலையும் ஒரே தலையில் விழுகிறது.

விமான நிறுவனங்களையும் ராணுவத்தையும் தவிர்த்த சிறு விமானப் பிரிவில், அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் ஒரு லட்சம் பறப்பு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது. தொழில்முறை விமானிகள் இருவர் ஓட்டும் நிறுவன ஜெட்டுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருப்பதால், சொந்த வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஓட்டுகிறவர்களின் நிலை இந்தச் சராசரியைவிட மோசம். ஆபத்தின் அளவில் இதை மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு அருகில் வைப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

ஒருவரே ஓட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? பக்கத்தில் இன்னொரு விமானி கட்டாயம் இல்லையா?

இடம் கொடுக்கிறது. இந்த விமானங்கள் ஒரு விமானியே ஓட்டும்படி வடிவமைக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்டவை. பதினேழு வயது நிறைந்து, குறைந்தது 40 மணி நேரம் பயிற்சி பெற்று, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் தனியார் உரிமம் கிடைக்கும். நடைமுறையில் பெரும்பாலோருக்கு 40 மணி நேரம் போதுவதில்லை. அதன் பிறகு 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்சியாசிரியருடன் ஒரு மறுபார்வை வேண்டும். பயணிகளை ஏற்றிச் செல்வதென்றால், முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை விமானத்தை மேலெழுப்பி இறக்கியிருக்க வேண்டும்.

ஆனால், கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை மேகத்துக்குள் கூட்டிச் செல்லும் சிறு விமானத்தில் இரண்டாவது விமானியோ, அவருக்கு ஈடாக அனுமதிக்கப்பட்ட ஆட்டோபைலட்டோ (விமானத்தைத் தானே ஓட்டும் கருவி) இருந்தாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தன் சொந்த விமானத்தில் குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆபத்து இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரே எஞ்சின்தானே இருக்கிறது. நடுவானில் அது நின்றுவிட்டால் கல்லைப் போல விழுந்துவிடாதா?

விழாது. எஞ்சின் நின்ற செஸ்னா 172, ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே செல்லும். அதாவது 1,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிச் செல்லலாம். தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில் இருந்தால், இறங்க இடம் தேட ஆறு நிமிடங்கள் வரை கிடைக்கும். அந்த நிமிடங்களுக்குள் சறுக்கு வேகத்தைப் பிடிப்பது, வயலையோ சாலையையோ தேர்ந்தெடுப்பது, எரிபொருள் குமிழைத் திருப்பி எஞ்சினை மறுபடி இயக்கிப் பார்ப்பது, ரேடியோவில் சொல்வது, கதவைச் சற்றுத் திறந்து வைப்பது என்று எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியிருப்பதுதான் கடினம். முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன் பிறகு பேசு என்னும் வரிசையைப் பயிற்சியில் அவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, மேலெழும்பிய உடனே 300, 400 அடியில் எஞ்சின் நிற்பதற்குத்தான். பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். அவ்வளவு தாழ்வில் திரும்ப முயன்று, பாதித் திருப்பத்தில் கட்டுப்பாட்டை இழந்தவர்கள் பலர். ஏறத்தாழ நேர் முன்னால் கிடைக்கும் இடத்தில் இறங்குவது என்று ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது.

எரிபொருள் தீரும் அளவுக்கு யாராவது கவனக்குறைவாக இருப்பார்களா?

இருக்கிறார்கள். பகலில் இறங்கும் இடத்தை அடைந்த பிறகும் 30 நிமிடங்களுக்கும், இரவில் 45 நிமிடங்களுக்கும் எரிபொருள் மிஞ்சும்படி புறப்பட வேண்டும் என்பது விதி. எதிர்க்காற்று கணித்ததைவிடக் கூடுதலாக வீசினால் அந்த இருப்பு சத்தமில்லாமல் கரையும். எரிபொருள் முள்ளை நம்பாமல், இறக்கையின் மேல் ஏறித் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்க்கும் விமானிதான் ஒழுங்கான விமானி. இன்னொரு வகையும் உண்டு. பல பைப்பர் விமானங்களில் இடது தொட்டி அல்லது வலது தொட்டி என ஒன்றிலிருந்துதான் எஞ்சினுக்கு எரிபொருள் போகும். ஒன்று காலியாகி எஞ்சின் நின்றிருக்க, மற்றொன்று நிறைந்திருக்கும் நிலையிலேயே விமானம் வயலில் இறங்கிய விபத்துகள் உண்டு. “தொட்டியை மாற்றினாயா?” என்று கேட்க ஆள் இல்லாதபோது கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எரிபொருளில் தண்ணீர் கலந்திருப்பதும் எஞ்சினை நிறுத்தும். புறப்படும் முன் ஒவ்வொரு வடிகுழாயிலிருந்தும் சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்பார்கள். நூறு ஆக்டேன் விமானப் பெட்ரோல் இளநீல நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் நிறமற்ற குமிழியாகத் தங்கும். குவளை முழுவதுமே தண்ணீராக இருந்துவிட்டால் பிரிவுக் கோடு தெரியாது, அவசரத்தில் பார்ப்பவர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார். எனவே வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்திலும் எஞ்சினுக்குள் பனி உறையும் என்கிறார்களே, உண்மையா?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களில் உண்மை. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரையும்போதும் உள்ளே வெப்பநிலை சடாரென்று இறங்குவதால், ஈரப்பதம் மிகுந்த நாளில் வெளியே 25 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் உள்ளே பனி படியலாம். எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போது இதன் வாய்ப்பு அதிகம். கார்புரேட்டர் வெப்பக் குமிழை இழுப்பதே தீர்வு. இழுத்தவுடன் எஞ்சின் சற்று நேரம் கரடுமுரடாக ஓடும். உருகிய பனி உள்ளே போவதால் வரும் ஓசை அது. பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது.

எஞ்சின் நிற்பது முக்கியக் காரணம் இல்லையென்றால், பெரும்பாலோர் உயிரிழப்பது எதனால்?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் கட்டுப்பாட்டை விமானியே இழப்பதால். உயிரிழப்பு விபத்துகளின் காரணங்களில் பல ஆண்டுகளாக முதலிடம் இதற்குத்தான். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், அதைத் தழுவி ஓடும் காற்று பிரிந்து, தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். இதை விமானிகள் ஸ்டால் என்பார்கள். போதிய உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பத்தில், 500 அடியில் நேர்ந்தால் மீள உயரம் இருக்காது.

அந்தத் திருப்பத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பின்காற்று தள்ளுவதால் விமானம் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுகிறது. அதை ஈடுகட்ட விமானி திருப்பத்தை இறுக்குகிறார், மூக்கு தாழ்வதைக் கண்டு கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கிறார், மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடரையும் காலால் மிதிக்கிறார். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்வில் திரும்பினால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 41 விழுக்காடு கூடும், அதாவது 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) என்பது 70 நாட் ஆகிவிடும். அதே வேளையில் ரேடியோவில் யாரோ பேசுகிறார், முன்னால் ஒரு விமானம் தெரிகிறது, பின்னிருக்கையில் குழந்தை அழுகிறது. இரண்டாவது விமானி இருந்திருந்தால் “வேகம்!” என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். தனி விமானிக்கு அந்தக் குரல் கிடையாது. கோட்டைத் தாண்டிவிட்டால் திருப்பத்தை இறுக்காமல் மேலேறி மறுபடி சுற்றிவர வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால் நேராகவே ஓட்டி வெளியே வந்துவிட முடியாதா?

கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாதவரால் நேராக ஓட்டவே முடியாது என்பதுதான் சிக்கல். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகம், அந்தப் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் நுழைந்தது போன்ற நிலையில் ஓட்டச் செய்து சோதித்தது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடிகள், மூன்று நிமிடங்களுக்கும் குறைவு. உட்செவியில் உள்ள திரவம் தொடர்ந்த திருப்பத்துக்குப் பழகிவிடுவதால், சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும் விமானம் நேராகப் போவதாகவே உடல் நம்பும். உயரம் குறைவதைக் கண்டு ஸ்டிக்கை இழுக்க இழுக்கச் சுருள் இறுகும், வேகமும் கூடும்.

மேகம்தான் வேண்டும் என்பதில்லை. 1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்கு பைப்பர் சரட்டோகா விமானத்தில் புறப்பட்டார். நிலவொளி போதாத இரவு, கடலின் மேல் மங்கல், கண்ணுக்குத் தொடுவானம் இல்லை. திசையுணர்வை இழந்து கட்டுப்பாட்டைத் தவறவிட்டதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. மூவரும் இறந்தனர். அவருக்குக் கருவிப் பறத்தல் தகுதி இல்லை. சட்டப்படி அன்றிரவு அது தேவைப்படவும் இல்லை.

விமானத்தில் ஆட்டோபைலட் இருந்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடுமே?

முன் பதிலில் சொன்ன சரட்டோகாவிலும் ஆட்டோபைலட் இருந்தது. கருவி இருப்பது வேறு, தடுமாறத் தொடங்கும் முன்பே அதை இயக்கி, அது என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு கண்காணிப்பது வேறு. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் இறக்கைகளைச் சமன்செய்து ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு, ரேடியோவில் உதவி கேட்பது நல்ல முடிவு. தனி விமானிக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த துணை அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அது கேள்வி கேட்காத துணை. தவறான உயரத்தைக் கொடுத்தால் தவறான உயரத்துக்கே கொண்டுபோகும். இறக்கையில் பனி படிந்து விமானம் மெல்ல வேகமிழக்கும்போது, உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போய், இனி முடியாது என்ற கட்டத்தில் விடுபட்டு, ஸ்டால் நிலையின் விளிம்பில் இருக்கும் விமானத்தை விமானியின் கையில் கொடுத்துவிடும்.

நான்கு இருக்கை விமானம்தானே, நான்கு பேர் தாராளமாகப் போகலாம் அல்லவா?

பெரும்பாலும் முடியாது. செஸ்னா 172எஸ் விமானத்தின் உச்ச எடை 2,550 பவுண்டு. தொட்டிகளை நிரப்பிவிட்டால் ஆட்களுக்கும் பைகளுக்கும் எஞ்சுவது ஏறக்குறைய 240, 250 கிலோ மட்டுமே, அதாவது மூன்று பெரியவர்கள். நான்காவது ஆள் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். வெப்பமும் உயரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கோடைப் பிற்பகலில் காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால், கடல்மட்டத்தில் சுளுவாக எழும்பும் விமானம் ஓடுபாதையின் கடைசி வரை ஓடியும் எழும்பாமல் போகலாம். வந்திருக்கும் நண்பரிடம் “நீங்கள் இந்த முறை வர முடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவரும் விமானி ஒருவர்தான்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விமானிக்கு மாரடைப்பு வந்தால் என்ன ஆகும்?

எல்லோரும் அஞ்சுவது இதற்கு, ஆனால் இது அபூர்வம். 2022 மே மாதம் பகாமாஸிலிருந்து வந்துகொண்டிருந்த செஸ்னா கேரவன் ஒன்றின் ஒரே விமானி நினைவிழந்தபோது, ஓட்டிப் பழக்கமே இல்லாத பயணி ஒருவர் ரேடியோவில் பேசி, கட்டுப்பாட்டாளர் வழிகாட்ட, ஃபுளோரிடாவின் பாம் பீச் விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார். பகல் வெளிச்சமும் நல்ல வானிலையும் அவருக்குத் துணைசெய்தன. 2020 முதல் சில புதிய விமானங்களில் கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் கிடைக்கிறது. பயணி ஒரு பொத்தானை அழுத்தினால், விமானமே நிலையத்தைத் தேர்ந்தெடுத்து இறங்கி நிற்கும். விலை பெரும்பாலோருக்கு எட்டாது.

அடிக்கடி உங்கள் பக்கத்தில் அமர்பவருக்கு மூன்று செய்திகளைக் கற்றுக்கொடுங்கள்: பேசும் பொத்தான் எது, ஆட்டோபைலட்டை இயக்குவது எப்படி, யாரும் பதில் தராவிட்டால் 121.5 என்னும் அவசர அலைவரிசைக்கு மாற்றுவது எப்படி. விமானி அல்லாத துணைவர்களுக்கென்றே குறுகிய வகுப்புகளும் உண்டு.

வலியோ மயக்கமோ இல்லாமலே விமானியின் அறிவு மங்கிவிடும் என்கிறார்களே, அது என்ன?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று உயரம். 12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தால் விமானி ஆக்சிஜன் பயன்படுத்த வேண்டும், 14,000 அடிக்கு மேல் முழு நேரமும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஆக்சிஜன் குறையும்போது ஆளுக்கு உற்சாகம்தான் வரும், எல்லாம் நன்றாகப் போவதாகத் தோன்றும்.

மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. பல சிறு விமானங்களில் சூடான புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் இருக்கைப் பகுதிக்கு வெப்பம் தருகிறது. குழாயில் விரிசல் விழுந்தால் நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவும் சேர்ந்து வரும். 2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிக்கொண்டு பிரான்சின் நாந்து நகரிலிருந்து கார்டிஃபுக்குச் சென்ற பைப்பர் மலிபு விமானம் கடலில் விழுந்தது. சாலாவின் இரத்தத்தில் இந்த வாயு கலந்த ஹீமோகுளோபின் 58 விழுக்காடு இருந்தது. விமானியும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் விசாரணை அமைப்பு முடிவுசெய்தது. அந்த விமானத்தில் ஒலியெழுப்பி எச்சரிக்கும் வாயுமானி இல்லை. அதன் விலை ஒரு தொட்டிப் பெட்ரோலைவிடக் குறைவு.

முழு விமானத்துக்கும் பாராசூட் உள்ள சிர்ரஸை வாங்கிவிட்டால்?

அது உயிர்காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. 2002-இல் முதன்முறையாக விபத்தில் பயன்பட்டதிலிருந்து பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்த விமானங்களின் விபத்து விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கைப்பிடியை இழுக்காமலே இறந்தவர்கள் பலர். சமாளித்துவிடலாம் என்று கடைசி வரை போராடினார்கள். எந்தெந்த நிலையில் இழுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து பழக வேண்டும் என்ற பயிற்சி பரவிய பிறகே நிலைமை மாறியது. பாராசூட் விரியச் சில நூறு அடி வேண்டும் என்பதால், மேலே சொன்ன கடைசித் திருப்பத்தில் அது பெரும்பாலும் உதவாது.

திங்கள்கிழமை காலையில் வேலைக்குப் போயாக வேண்டும், வானிலை சுமார்தான். அனுபவம் உள்ளவர் போகலாமா?

இந்தக் கேள்வியை ஓடுபாதைக்கு வந்த பிறகு கேட்கக் கூடாது. மேகத்தின் அடிமட்டம் எவ்வளவுக்குக் கீழே போனால், குறுக்குக் காற்று எத்தனை நாட் வேகத்தைத் தாண்டினால், எத்தனை மணி நேரம் தூங்கவில்லையென்றால் போவதில்லை என்பதை அவசரமில்லாத ஒரு நாளில் எண்களாக எழுதி வைத்துவிட வேண்டும். புறப்படும் நாளில் அந்த எண்களைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் அந்தக் காகிதம்தான் மறுத்துப் பேசும். மணிக்கணக்கில் ஓட்டிய அனுபவம் இதற்கு விலக்கு அல்ல. பல முறை தப்பியதையே திறமை என்று எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு அனுபவசாலிக்குத்தான் அதிகம்.

உடன்வரும்படி ஒருவரைக் கேட்டுக்கொள்வதில் குறைவும் இல்லை. முன்னே சொன்ன 1999 பயணத்துக்கு முன், கென்னடியின் மகனுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களில் ஒருவர் உடன்வர முன்வந்ததும், தனியாகவே செய்ய விரும்புவதாக அவர் சொன்னதும் விசாரணையில் பதிவாகியிருக்கின்றன. திரும்பும் பயணத்துக்கு விமான நிறுவனச் சீட்டோ, வாடகைக் காரோ, ஒரு நாள் விடுப்போ மாற்றாகக் கையில் இருந்தால் “இன்று வேண்டாம்” என்று சொல்வது எளிதாகும்.

என் மகன் தனியாகப் பறந்து வருகிறேன் என்கிறான். தரையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

முதலில், “எப்போது வருவாய், சாப்பாடு ஆறுகிறது” என்று புறப்படும் நேரத்தில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி விமானியின் முடிவைத் தள்ளும். “நாளைக்கு வந்தாலும் சரி” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புறப்படும் இடம், வழி, இறங்கும் நேரம் ஆகியவற்றைப் பறத்தல் திட்டமாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பதிவுசெய்து தொடங்கிவைத்த திட்டத்தை, சொன்ன நேரம் கழிந்து 30 நிமிடங்களுக்குள் முடித்துவைக்காவிட்டால் அதிகாரிகளே தேடத் தொடங்குவார்கள். இறங்கியதும் மறக்காமல் முடித்துவைக்க வேண்டியதும் அவருடைய பொறுப்பு. வழியெங்கும் ரேடார் கட்டுப்பாட்டாளருடன் தொடர்பில் இருக்கும் சேவையையும் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

விபத்து நேர்ந்தால் சமிக்ஞை அனுப்பும் அவசர ஒலிபரப்பி விமானத்தில் எந்த வகை என்றும் கேளுங்கள். 121.5 மெகாஹெர்ட்சில் மட்டும் ஒலிக்கும் பழைய கருவிகளை 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் அவை இன்னும் சட்டப்படி செல்லும் என்பதால் பல வாடகை விமானங்களில் அவையே இருக்கின்றன. அப்படியென்றால் 406 மெகாஹெர்ட்சில் இயங்கும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். அதை அவருடைய பெயரிலும் உங்கள் தொலைபேசி எண்ணுடனும் பதிவுசெய்யுங்கள். கருவி ஒலித்தால், மீட்புக் குழு முதலில் அழைப்பது அந்தப் பதிவில் உள்ள எண்ணைத்தான்.